நூறாவது ஆளிலிருந்து

செக்காலை ரோட்டில் என் டிராவல்ஸ்.
ஷட்டரை முழங்காலளவு தூக்கிக் குனிந்து போவேன்.
போலீஸ் கேட்டால்
எலிப்பொறி பார்க்க வந்ததாகச் சொல்வேன்.

உள்ளே வேலையொன்றும் இல்லை.
போட்ட டிக்கெட்டெல்லாம் ரத்தான ஏப்ரல் அது.
ரத்தான தாள்களின் முதுகு வெள்ளையாக இருந்தது,
ஸ்கேல் இருந்தது, நாலு நிறத்தில் பேனா.

சிங்கப்பூருக்குப் பச்சை:
கழனிவாசல் வீரபாண்டி, ஒரே அறையில் பன்னிரண்டு கட்டில்.
இத்தாலிக்குச் சிவப்பு: தேவகோட்டை சலேத்மேரி,
முதியோர் இல்லத்தில் நர்ஸ்.
மலேசியாவுக்குக் கறுப்பு:
மகள் பிரசவத்துக்குப் போய்
திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
ஈப்போவில் மாட்டிக்கொண்ட உமையாள்.
குவைத்துக்கு நீலம்: புதுவயல் இப்ராம்சா.
நோன்புப் பெருநாளைக்கு வருவதாக
ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருந்தார்.

தேதி வைத்துப் போட்டால் ஒன்றும் விளங்கவில்லை.
சிவப்பு மலையேறி நிற்க
நீலம் அப்போதுதான் தவழ்ந்தது.
ஒரே வயதில் நிறுத்தினால்தானே
பிள்ளைகளின் உயரம் தெரியும்?
ஒவ்வொரு நாட்டையும்
அதன் நூறாவது ஆளிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

முதல் கட்டம் பத்து, அடுத்தது நூறு,
அதற்கடுத்தது ஆயிரம்.
காகிதம் பத்தாதவன் கண்டுபிடித்த கணக்கு.
மலைகூட அதில் மேடாகத்தான் தெரியும்.
அந்தச் சௌகரியத்தில்
ஓர் ஆள் எங்கே இருக்கிறான் என்று
பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு கொஞ்சம் தாழும்.
எமனுக்கும் வார விடுமுறை போல என்று நினைத்தேன்.
செவ்வாய்க்கிழமை மொத்தமாக ஏறியபோதுதான் உறைத்தது,
விடுமுறை குமாஸ்தாவுக்கு.

பச்சை ரொம்ப நாள் படுத்தே கிடந்தது.
ஒழுங்கான பிள்ளை என்றேன்.
வீரபாண்டியின் கட்டில் வரிசைக்கு
மூக்கில் குச்சி விட வந்தார்கள்,
எழுந்து நின்றது.
ஊருக்குள் ஒரு கோடு, விடுதிக்குள் ஒரு கோடு.
ஒரே நாடு என்பது என் பேனாவுக்குத்தான்.

நம்ம ஊருக்கு நிறம் மிச்சமில்லை,
பென்சிலில் போட்டேன்.
சாயங்காலம் செய்தியில் மாவட்டக் கணக்கு வரும்.
பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.
அந்த வாரம் பர்மா காலனியில் மூன்று வீட்டில் எடுத்தார்கள்.
ஒன்று சர்க்கரை, ஒன்று நெஞ்சுவலி,
ஒன்று வெறும் வயசு.
துக்கம் கேட்க யாரும் போகவில்லை.
பென்சில் கோடும் போகவில்லை,
அது பாட்டுக்குப் படுத்திருந்தது.

உமையாள் அடிக்கடி போன் செய்வார்:
"தம்பி, கறுப்பு எப்படி இருக்கு?"
இறங்குகிறது என்பேன்.
"பேரனுக்குத் தலை நின்னிருச்சுப்பா,
டிக்கெட் தேதிதான் நிக்கலை" என்பார்.

நீலமும் ஒரு வழியாக இறங்க ஆரம்பித்தது.
சந்தோஷத்தில் பேனாவை மூடி வைத்து
ஐந்து விளக்கு வரை நடந்து போய் டீ குடித்தேன்.
அந்த வாரத்தில்தான் இப்ராம்சா.

ஏறும்போது மட்டுந்தான் ஆள் விழுவான் என்று
எனக்கு யார் சொன்னது?

கார்த்திகை மழையில் விமானக் கம்பெனி பணம் அனுப்பியது.
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
எந்தப் பெயரில் வரவு வைப்பதென்று
இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுச் சொல்லியனுப்பினேன்.

இத்தா முடிந்து வந்திருந்தார் ஜொகரா பீவி,
மச்சான் பையன் பைக்கில், நனைந்து.
நோட்டுகளை எண்ணவில்லை.
மேஜைக் கண்ணாடிக்கடியில் இருந்த
நாலு நிறக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவை என்னவென்று சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

"இதுல அவுக மௌத்தான அன்னைக்கு
அங்க எத்தனை பேரு?"

எனக்குத் தெரிந்திருந்தது.
பார்க்காமலே சொன்னேன்: "நாலு."

பணத்தை முந்தானையில் முடிந்தவர்
வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மத்த மூணு பேரு வீட்டுக்கும்
டிக்கெட்டுக் காசு வந்திருச்சா?"